பாய்லர் கவர் எடுக்கும் முன் ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள்

வாடகை வீட்டில் குடியேறியிருப்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பாய்லர் கவர் என்பது, வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் பாய்லர் பழுதானால் சரிசெய்து தர மாதாமாதம் பணம் கட்டும் திட்டம். அது உங்கள் தலையில் விழ வேண்டிய செலவே அல்ல. வீட்டைச் சூடாக்கும் சாதனத்தையும் வெந்நீர் தரும் சாதனத்தையும் வீட்டு உரிமையாளர்தான் பழுது பார்த்துத் தர வேண்டும். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு வீட்டு உரிமையாளர்-குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவும், வேல்ஸில் 2016ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டமும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை எரிவாயுச் சோதனை நடத்தி, அதன் சான்றை நீங்கள் குடிபோகும் முன்பே கையில் தர வேண்டியதும் அவர் பொறுப்பு. ஊரில் குழாய் ஒழுகினால் நாமே பிளம்பரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில், ஓனரைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டு, சொந்தப் பணத்தில் மாதாமாதம் கவருக்குக் கட்டும் பிள்ளைகளை லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பார்க்கிறேன். எனக்கு மனது கேட்பதில்லை. ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், படம் எடுத்து இணையுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.

இனி வீடு வாங்கியவர்களுக்கு.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எரிவாயு பாய்லரைத் திறந்து வேலை பார்க்கிறவர், எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றவர்களைப் பதிவு செய்யும் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருக்க வேண்டும். அவரிடம் படம் ஒட்டிய அட்டை இருக்கும். அதைப் பின்புறம் திருப்பினால் எந்தெந்த வேலைக்குத் தகுதி உண்டு என்று எழுதியிருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாயு வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, மீட்டர் பக்கத்திலுள்ள கைப்பிடியை மூடிவிட்டு, வெளியே போய் 0800 111 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கவர் நிறுவனத்தை அல்ல. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி பாய்லர் இருக்கும் அறையில் வையுங்கள். அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது.

பாய்லர் நின்றுபோனதும் கவர் நிறுவனத்துக்குப் போனைப் போடாதீர்கள். பல திட்டங்களில் ஒவ்வொரு வருகைக்கும் ‘எக்ஸஸ்’ என்று ஒரு தொகை நம்மிடம் வாங்குவார்கள். முதலில் அழுத்தமானியைப் பாருங்கள்: பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் கையேட்டில் சொல்லியபடி அடியிலுள்ள குழாயைத் திறந்து நீங்களே தண்ணீர் ஏற்றலாம். உறைபனிக் காலையில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றினால் இளகிவிடும். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஏ.சி.க்கும் குடிநீர் வடிகட்டிக்கும் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு வளர்ந்தவர்கள் நாம். பணம் கட்டிவிட்டால் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போவார் என்பதுதான் நமக்குத் தெரிந்த நடைமுறை. அதே நம்பிக்கையோடு இங்கே பாய்லர் கவரில் கையெழுத்துப் போடுகிறோம். இல்ஃபோர்டில் பழைய வரிசை வீடு ஒன்றை வாங்கிய என் நண்பரும் அப்படித்தான் போட்டார். திட்டத்தில் பாய்லர், அதன் வெந்நீர் உள்ளே ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள், குழாய்கள் எல்லாம் அடக்கம், ஆண்டு சர்வீஸும் இலவசம். மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் டைரக்ட் டெபிட்டில் பணம் தவறாமல் போனது. சர்வீஸுக்கு ஆளும் வந்தார், பாய்லரின் மூடியைக் கழற்றிச் சோதித்தார், சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் மகப்பேறுக்குத் துணையாகத் தென்காசியிலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தார். அப்போதுதான் கீழ்த்தளத்து ரேடியேட்டர்கள் மேல்பாதி சுட்டு, அடிப்பாதி சில்லென்று கிடக்கத் தொடங்கின. பிறகு பாய்லரே கடமுடவென்று இரைந்து நின்றது. கவர் நிறுவனத்திலிருந்து வந்த பொறியாளர் ஒரு ரேடியேட்டரின் வால்வைத் தளர்த்தி, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் பிடித்தார். மை போலக் கறுப்பு. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து அதற்குள் போட்டு வெளியே எடுத்தார். காந்தம் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்ததுபோல் துகள் அப்பிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரின் இரும்பு உள்ளே துருப்பிடித்து உதிர்ந்த கசடு அது. பாய்லருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியான வெப்பப் பரிமாற்றியை அந்தக் கசடு அடைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் கசடும் சுண்ணாம்புப் படிவும், அவற்றால் வரும் சேதமும் சேராது. முதலில் சொந்தச் செலவில் ‘பவர் ஃப்ளஷ்’ செய்து முழு அமைப்பையும் கழுவுங்கள், அதன்பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பவர் ஃப்ளஷுக்கே பல நூறு பவுண்டு ஆனது. கழுவிய பிறகும் பரிமாற்றி பிழைக்கவில்லை, புதிய பாய்லர் வாங்க வேண்டியதாயிற்று. கட்டிய சந்தாவில் ஒரு பென்னிகூடத் திரும்பவில்லை.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. ஆண்டு சர்வீஸுக்கு வந்தவர் அதே நிறுவனத்தின் ஆள்தானே? அவர் ஏன் கசடைப் பற்றி வாயே திறக்கவில்லை? நண்பர் கேட்டார். சர்வீஸ் என்பது பாய்லருக்கு மட்டும். எரிப்பானையும் புகைபோக்கியையும் அழுத்தத்தையும் பார்ப்போம், ரேடியேட்டருக்குள் ஓடும் தண்ணீரைச் சோதிப்பது அதில் இல்லை என்று பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் தண்ணீரைப் பார்க்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அமைப்பு கெட்டதும் தண்ணீரைக் காட்டிக் கைகழுவுவது நியாயமில்லை. சர்வீஸ் தாளில் ‘சரி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து முழு வீடும் சரியாக இருக்கிறது என்று எந்தக் குடும்பமும் நம்பத்தான் செய்யும்.

அந்த வாரம் அம்மா பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, வாளியில் விளாவி, மருமகளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் விறகடுப்பில் செய்த வேலைதான், அவருக்கு அது பெரிதில்லை. வீட்டுக்குள் புகுந்த குளிரைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் விஷயம் தெரிந்ததும் எண்ணெய் நிரப்பிய மின்கணப்புகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். “முதல்ல பிள்ளைக்கு அறையைச் சூடாக்குங்கோ தம்பி, கம்பெனியோட பிறகு சண்டை பிடிக்கலாம்” என்றார். இந்த நாட்டில் எனக்கு ஊர் ஞாபகம் அடங்குவது இப்படிப்பட்ட மனிதர்களால்தான். புதிதாக வருபவர்கள் பக்கத்து வீட்டுத் தமிழரிடம் கூச்சமில்லாமல் பேசுங்கள். எந்த பிளம்பர் நேர்மையானவர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே பழைய வீடு வாங்குகிறவர்கள் கவரைத் தேடும் முன், சுயாதீனமான ஒரு கேஸ் சேஃப் பொறியாளரைக் கூப்பிட்டு மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் தண்ணீர் என்ன நிறம். துருத் தடுப்பு மருந்து போதிய அளவில் கலந்திருக்கிறதா. பாய்லருக்கு அடியில் குழாயில் காந்த வடிகட்டி பொருத்தியிருக்கிறதா. வடிகட்டி இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் அதைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லி, செய்ததைத் தாளில் எழுதி வாங்குங்கள். பவர் ஃப்ளஷ் செய்திருந்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கழுவிய சான்று இருந்தால் பிறகு வரும் கசடுப் பழுதை ஏற்கும் திட்டங்களும் உண்டு. ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே சுட்டால் அது காற்று. சாவியால் திறந்து வெளியேற்றினால் தீர்ந்தது. கீழே குளிர்ந்தால் கசடு என்று சந்தேகப்படுங்கள்.

சுண்ணாம்புப் படிவு ஊரைப் பொறுத்தது. லண்டனிலும் தென்கிழக்கிலும் சுண்ணாம்பு அதிகம் கலந்த கடின நீர். சென்னையில் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படலம் கட்டுவதைப் போல இங்கே கெட்டிலின் அடியில் கட்டும். அதேதான் பாய்லருக்குள்ளும் நடக்கிறது. மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் ஏரித் தண்ணீர், மென்மையானது. அங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, கசடுக் கவலை மட்டும் அதேதான்.

ஒப்பந்தத்தில் நேராக ‘சேராதவை’ என்ற பகுதிக்குப் போங்கள். கசடு, படிவு, ஏற்கெனவே இருந்த பழுது, தொடங்கியதும் சில வாரங்களுக்குப் பழுது கேட்க முடியாத காத்திருப்புக் காலம், பாய்லருக்கு வயது வரம்பு, பழுதுச் செலவு பாய்லரின் மதிப்பைத் தாண்டினால் கைவிடும் விதி: இவை அங்கேதான் இருக்கும். பாய்லர் புதிது என்றால் தயாரிப்பாளரின் உத்தரவாதமே பல ஆண்டு ஓடும். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்த சான்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. அந்த வீட்டுக்குக் கவர் எதற்கு? பாய்லருக்குப் பத்து வயதைத் தாண்டி, அமைப்பும் கழுவப்படாமல் இருந்தால், கவருக்குக் கட்டும் பணத்தைத் தனியே சேர்த்துப் புதிய பாய்லருக்கு ஒதுக்குவதுதான் நல்லது என்பேன். நடுவயதுப் பாய்லர், சுத்தமான தண்ணீர், வீட்டில் முதியவரோ குழந்தையோ உண்டு என்றால் எடுங்கள்.

எடுத்த பிறகு மனம் மாறினால் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது காப்பீடா, வெறும் பராமரிப்பு ஒப்பந்தமா? காப்பீடு என்றால் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, 8 வாரத்தில் தீராவிட்டாலோ இறுதிப் பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதிக் குறைதீர்ப்பு அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம்; நமக்குச் செலவில்லை. இறுதிப் பதில் கிடைத்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். என் நண்பர் எடுத்திருந்தது பராமரிப்பு ஒப்பந்தம், அதனால் அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. கசடு இருந்தால் யார் பணம் தருவார்கள், காப்பீடா இல்லையா என்ற இரண்டு கேள்வியையும் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு டைரக்ட் டெபிட் கொடுங்கள்.