‘ரிலக்டன்ட்’: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பொருளோடும் புழக்கத்தோடும் கற்றுக்கொள்வது எப்படி?

ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ‘ரிலக்டன்ட்’ (reluctant) என்று தேடினால் ‘தயக்கமுள்ள’ என்று பொருள் கிடைக்கும். அதை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனால், பேசும்போது இது வாயில் வராது. வந்தாலும் இடம் மாறி வரும். ஏனென்றால் தமிழில் ‘எந்தச் சட்டையை எடுப்பது என்று தயங்கினான்’ என்கிறோம், ‘கடன் கொடுக்கத் தயங்கினான்’ என்றும் சொல்கிறோம். முதலாமவனுக்கு முடிவுக்கு வர முடியவில்லை. அவனுக்குப் பொருந்தும் சொல் ‘ஹெசிடன்ட்’. இரண்டாமவனுக்குக் கொடுக்க மனசில்லை. அவன்தான் ‘ரிலக்டன்ட்’. ஆகவே குறிப்பேட்டில் ‘தயக்கம்’ என்று எழுதாதீர்கள், ‘மனசில்லாத’ என்று எழுதுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொல்லின் வேரையும் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது. லத்தீனில் ‘லுக்தாரி’ என்றால் மல்லுக்கட்டுவது, முன்னால் வரும் ‘ரெ’ எதிர்ப்பைக் காட்டுவது. ‘செய்’ என்று ஒரு பக்கம் இழுக்க, ‘வேண்டாம்’ என்று மனசு மறுபக்கம் மல்லுக்கட்டுகிறது. இந்தப் படம் மனதில் நின்றால் பொருள் மறக்காது. இயற்பியலில் காந்தப் பாயம் (காந்தப் புலக் கோடுகளின் மொத்த அளவு) கடந்து செல்வதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பை ‘ரிலக்டன்ஸ்’ என்பதும் இதே வேரிலிருந்துதான்.

அடுத்து உச்சரிப்பு. ரி-லக்-டன்ட் என்று மூன்று அசை. அழுத்தம் நடுவிலுள்ள ‘லக்’ மேல் விழ வேண்டும். எழுத்தில் ‘யு’ இருப்பதைப் பார்த்து ‘லுக்’ என்று சொல்லிவிடக் கூடாது. கடைசி அசையை ‘டன்ட்’ என்று இழுத்து நிறுத்தாமல், வாய் அதிகம் திறக்காமல் சுருக்கமாக விட்டுவிடுங்கள். முடிவில் நம் பழக்கத்தில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு ‘ரிலக்டன்ட்டு’ ஆகிவிடும், அதைக் கவனித்து வெட்டுங்கள். இணைய அகராதியில் ஒலிக்குறியை அழுத்திக் கேட்டு, கூடவே சத்தமாக ஐந்து முறை சொன்னால் போதும்.

இனி வாக்கியத்தில் பொருத்துவது. தவறுகள் நடப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். தமிழில் ‘தயங்குகிறேன்’ என்பது வினைச்சொல். ஆங்கிலத்தில் ‘ரிலக்டன்ட்’ பெயரடை, தனியாக நிற்காது. அந்த வேறுபாடு தெரியாததால்தான் ‘ஐ ரிலக்டன்ட் டு கோ’ என்ற பிழை வருகிறது. ‘ஐ ஆம் ரிலக்டன்ட் டு கோ’ என்பதே சரி. நடந்ததைச் சொன்னால் ‘ஐ வாஸ்’, அவளைப் பற்றி என்றால் ‘ஷி இஸ்’ அல்லது ‘ஷி வாஸ்’. ‘ரிலக்டட்’ என்று ஒரு சொல்லை நாமாக உண்டாக்கக் கூடாது.

இரண்டாவது பிழையும் தமிழிலிருந்தே வருகிறது. ‘போவதற்குத் தயங்குகிறேன்’ என்பதில் உள்ள ‘-ற்கு’வை அப்படியே பெயர்த்து ‘ரிலக்டன்ட் ஃபார் கோயிங்’ என்கிறோம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வரும், அதன் பின் வினைச்சொல் வெறும் வடிவத்தில் வரும். ‘டு கோ’, ‘டு அட்மிட்’, ‘டு லீவ்’, ‘டு டாக்’ என்று பழகுங்கள். ‘டு கோயிங்’ வராது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நேரடியாகவும் நிற்கலாம்: மனமில்லாமல் சாட்சி சொல்ல வந்தவர் ‘எ ரிலக்டன்ட் விட்னஸ்’.

‘ரிலக்டன்ட்லி’ என்ற வினையடைக்கு வரும்போது நுட்பமான ஒன்று இருக்கிறது. ‘ஹி வாஸ் ரிலக்டன்ட் டு சைன்’ என்றால் கையெழுத்துப் போட அவருக்கு மனசில்லை. கடைசியில் போட்டாரா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. ‘ஹி ரிலக்டன்ட்லி சைன்டு’ என்றால் போட்டுவிட்டார், மனசில்லாமல் போட்டார். ‘ஹி ரெஃப்யூஸ்டு டு சைன்’ என்றால் மறுத்துவிட்டார். அலுவலகக் கடிதத்தில் இந்த மூன்றும் மாறிப்போனால், நடந்த விஷயமே மாறிப்போகும். ‘வேண்டா வெறுப்பாக’ என்ற நம் வழக்கு ‘ரிலக்டன்ட்லி’க்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் அதில் இருக்கும் வெறுப்பு ஆங்கிலச் சொல்லில் கட்டாயமில்லை. பிரிய மனமில்லாமல் நண்பர்களிடம் விடைபெறுவதையும் ‘ரிலக்டன்ட்லி’ என்று சொல்லலாம். ‘அரைமனதோடு’ என்பதும் முழுக்கப் பொருந்தாது. அரைமனதோடு செய்தால் வேலை அரைகுறையாகும். மனமில்லாமல் ஒப்புக்கொண்டவர் பிறகு வேலையை முழுசாக முடித்துக் கொடுக்கவும் கூடும்.

பெயர்ச்சொல் ‘ரிலக்டன்ஸ்’, அதற்கும் பின்னால் ‘டு’தான். ‘ரெடிசன்ட்’ (reticent) என்ற இன்னொரு சொல்லோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மனதில் உள்ளதை வெளியே பேசாதவரைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றாகப் புழங்குபவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு என்றாலும், தேர்விலும் கடிதத்திலும் பிரித்தே எழுதுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். லாங்மேன் அகராதி ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே பொருளை விளக்குகிறது. கோபில்ட் அகராதி பொருளை முழு வாக்கியமாகவே சொல்வதால், சொல் எப்படி நிற்கும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். பிறகு தேடுபொறியில் ‘ரிலக்டன்ட் டு’ என்பதை ஆங்கில எழுத்தில், இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். செய்திகளில் வரும் பத்து வாக்கியங்களில் ‘டு’வுக்குப் பின் என்ன வினை வருகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு அட்டையில் முன்பக்கம் ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுதி, இந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் சொல்லை எழுதாமல் வெறும் கோடு இடுங்கள். பின்பக்கம் சொல், ‘மனசில்லாத’ என்ற பொருள், ‘டு + வினை’ என்ற அமைப்பு. முன்பக்கம் சொல்லையும் பின்பக்கம் தமிழையும் மட்டும் எழுதினால், பார்த்தவுடன் பொருள் சொல்ல வரும், தேவைப்படும்போது சொல் வராது. அதற்காகத்தான் கோடிட்ட இடம். அதன் பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்தே மூன்று வாக்கியம் எழுதுங்கள்: எதைச் செய்ய உங்களுக்கு மனசில்லை, எதை மனசில்லாமல் செய்து முடித்தீர்கள், யாருடைய மனமின்மையை நேரில் பார்த்தீர்கள். முதலாவதில் ‘ரிலக்டன்ட்’, இரண்டாவதில் ‘ரிலக்டன்ட்லி’, மூன்றாவதில் ‘ரிலக்டன்ஸ்’ வர வேண்டும்.

அட்டையை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் எடுத்துப் பாருங்கள். ஒரே நாளில் இருபது முறை படிப்பதைவிட, இப்படி இடைவெளி விட்டு நினைவுகூர்வதே நிலைக்கும். ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். நினைவுக்கு வராவிட்டால் உடனே திருப்பிப் பார்க்காமல் பத்து விநாடி முயன்று பாருங்கள், அப்புறம் திருப்புங்கள். தப்பானால் அந்த அட்டை மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.