பினாங்கு ஜார்ஜ் டவுனைச் சாப்பிட்டுக்கொண்டே நடந்து பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் இரண்டு பட்டியலோடு போகிறார்கள். ஒன்று பார்க்க வேண்டிய இடங்கள், இன்னொன்று சாப்பிட வேண்டிய கடைகள். இரண்டையும் மாறி மாறிப் பிடிக்கக் கிளம்பி, ஊரின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அலைந்து, மதியம் இரண்டு மணி வெயிலில் கிராப் செயலியில் கூப்பிட்ட வாடகை வண்டிக்காகக் காத்து நிற்பார்கள். இந்த ஊருக்கு இரண்டு பட்டியல் தேவையே இல்லை. ஒரு கட்டடத்தை எந்தச் சமூகம் எழுப்பியதோ, அதன் சமையல் நடந்து போகிற தூரத்திலேயே இருக்கும். அதனால் கட்டடத்தைப் பார்த்த கையோடு அதைக் கட்டியவர்கள் என்ன சாப்பிட்டார்களோ அதைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். கீழே சொல்கிற வழி சுற்று வழியையும் சேர்த்து நாலு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், ஆனால் உட்கார்வது, சாப்பிடுவது, வேடிக்கை பார்ப்பது எல்லாம் சேர்த்து அரை நாளை ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் வருஷம் முழுக்க ஒரே புழுக்கம்தான், மதியத்துக்கு மேல் மழை வந்தால் கொட்டித் தீர்க்கும். காலை எட்டு மணிக்காவது தெருவில் இருக்க வேண்டும். ஒரு நல்ல விஷயம், பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை ஓடும், 'காக்கி லீமா' என்பார்கள், ஐந்தடி அகலப் பாதை. வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் துணை. ஆனால் பாதிக் கடைக்காரர்கள் அங்கே மோட்டார் சைக்கிளையும் சரக்கு மூட்டையையும் போட்டு வைத்திருப்பார்கள், தரையும் கடைக்குக் கடை ஏறி இறங்கும், ஆகையால் சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பாதி நேரம் சாலையில்தான் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் தெருப் பெயர்கள். பலகையில் ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கிளிங் என்று இருக்கும், ஊர்க்காரர் பிட் ஸ்ட்ரீட் என்பார். லெபு பசார்தான் மார்க்கெட் ஸ்ட்ரீட். 'லெபு' என்றால் தெரு என்று தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டும் என்றுதான் சொல்வேன். மலேசியாவில் சுற்றுலா வழிகாட்டிக்கு அரசு உரிமம் கட்டாயம், அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பதிவு செய்வதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது: சாப்பாட்டுச் செலவு கட்டணத்தில் சேர்த்தியா, ஒரு குழுவில் எத்தனை பேர், கடை மூடியிருந்தால் மாற்று என்ன. எட்டுப் பேருக்கு மேல் இருக்கிற குழுவை நான் தவிர்ப்பேன், ஏனென்றால் இங்கே நல்ல கடைகளில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார மேசையே கிடைக்காது. தமிழ் பேசுகிற வழிகாட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், கிடைப்பார்கள்.

இனி நடக்கலாம். ஆரம்பம் விக்டோரியா மணிக்கூண்டு. ராணி விக்டோரியாவின் 60ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1897ஐ, ஒட்டி செயா சென் ஈயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும், இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் வேலை அது.

எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கரையேறிய முனை இது. காட்டை வெட்ட ஆள் வராததால் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு, எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். அவர்கள் அவ்வளவாகச் சொல்லாத கதை, அப்போது தீவுக்குச் சொந்தக்காரரான கெடா சுல்தானுடையது. சயாமிடமிருந்து (இன்றைய தாய்லாந்து) பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் தீவைக் கொடுத்தார், கம்பெனி பாதுகாப்புத் தரவில்லை, சுல்தான் படை திரட்டித் திரும்பப் பிடிக்கப் பார்த்து 1791இல் தோற்றுப் போனார். கோட்டைக்குள் நிற்கிற லைட் சிலையின் முகமும் அவருடையது இல்லை. அவர் படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியம் லைட்டின் சாயலில் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்டவர் அந்த மகன். கோட்டையைப் பொறுத்தவரை, அது ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. உள்ளே போகக் கட்டணம் உண்டு, நேரம் குறைவென்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பக்கத்து மைதானம் பாடாங் கோத்தா லாமா. அங்கிருக்கிற உணவுக்கூடத்தில் பாசெம்பூர் பிரபலம்: துருவிய வெள்ளரி, உருளைக்கிழங்கு, தோஃபு, இறால் வடை எல்லாவற்றையும் வெட்டிப்போட்டு மேலே சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த காரமும் இனிப்புமான குழம்பை ஊற்றித் தருவது. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த பண்டம். ஆனால் அது மாலைப் பண்டம், காலையில் எதிர்பார்க்காதீர்கள்.

அங்கிருந்து லெபு ஃபார்குவார் வழியாக செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818இல் முடிந்தது, தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். வெள்ளைத் தூண்களையும் புல்வெளியையும் பார்த்தால் இங்கிலாந்து மாதிரிதான் இருக்கும், ஆனால் கட்டியது இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த இடம் வேறாகத் தெரிகிறது, எனக்கு அப்படித்தான்.

இங்கிருந்து தெற்கே போகிற தெருதான் பிட் ஸ்ட்ரீட். முதலில் வருவது கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், கான்டன்காரர்கள், ஹொக்கியன்காரர்கள் என்ற இரண்டு சீனச் சமூகங்களும் சேர்ந்து எழுப்பியது. சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஊதுவத்திப் புகையில் கண்ணைத் திறக்க முடியாது, ஆஸ்துமா உள்ளவர்கள் அன்றைக்கு வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.

அடுத்துப் பலரும் கோட்டைவிடுகிற இடம். ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். பிட் ஸ்ட்ரீட் பக்கம் இருப்பது கோயிலின் முதுகுதான். அதைப் பார்த்துவிட்டு 'பார்த்தாயிற்று' என்று போய்விடுகிறார்கள். சுற்றி வந்து லெபு குவீன் பக்கம் போனால்தான் கோபுரமும் வாசலும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் காலையில் கிளம்பச் சொல்வது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை போகிற தங்கரதம் 2017 முதல் இங்கிருந்துதான் புறப்படுகிறது. நகரத்தாரின் வெள்ளி ரதம் அதைவிட மூத்தது, லெபு பினாங்கில் உள்ள கோவில் வீட்டிலிருந்து கிளம்பும்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் லிட்டில் இந்தியா. காலைச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்று, ஊரிலிருந்து போகிறவர்கள் இங்கேயும் இட்லியைத் தேடி உட்கார்ந்துவிடுவது எனக்குப் பிடிக்காது. ரொட்டி சானாய் வாங்குங்கள், நம் பரோட்டாவின் உறவுதான், ஆனால் மெலிது, பருப்புக் குழம்பில் முக்கிச் சாப்பிட வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று போதும், இன்னும் நிறைய இருக்கிறது. தே தாரிக் (நுரை வர ஆற்றித் தருகிற பால் டீ) கேட்கும்போது 'குராங் மானிஸ்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், சீனியைக் குறைப்பார்கள். சொல்லாவிட்டால் கண்டென்ஸ்டு மில்க் தாராளமாக இறங்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம், தாண்டிப் போனால் வழி குறைவு.

பக்கத்தில் லெபு கெரெஜாவில் பச்சை நிற மாளிகை ஒன்று இருக்கிறது, பினாங்கு பெரானாக்கான் அருங்காட்சியகம். மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த சீன வம்சாவளியினர்தான் பெரானாக்கான்கள். பேராக் மாநிலத்து ஈயச் சுரங்கத்தில் சம்பாதித்த சுங் கெங் குவீயின் வீடு அது. பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு ஆகும்.

லெபு சூலியாவும் லெபு கிங்கும் சந்திக்கிற மூலையில் நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியிருக்கிற ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1800களின் தொடக்கத்தில் கடல் கடந்து வந்தவர்கள் எழுப்பியது. சின்னக் கட்டடம், மூலையில் கடைகளோடு ஒட்டி நிற்கும், தேடினால்தான் கண்ணில் படும். இதைத் தாண்டினால் கபித்தான் கிளிங் பள்ளிவாசல். கம்பெனி தமிழ் முஸ்லிம்களின் தலைவராக அமர்த்திய காதர் மொகிதீன் 1801இல் தொடங்கியது, இப்போது நாம் பார்க்கிற பெரிய குவிமாடங்கள் பின்னால் 20ஆம் நூற்றாண்டில் விரிவாக்கியபோது வந்தவை. தொழுகை நேரம் தவிர்த்து உள்ளே அனுமதிப்பார்கள், அங்கி கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள்.

இந்தப் பள்ளிவாசலுக்குரிய சாப்பாடு நாசி கண்டார், இந்த நடையின் பெரிய சாப்பாடும் அதுதான். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புப் பானையுமாகத் துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு விற்றுக்கொண்டு நடந்தார்கள். இப்போது கடைகளாகிவிட்டன, பழமையானவற்றில் ஒன்று லெபு கேம்பெல்லில் 1907 முதல் இருக்கிற ஹமீதியா. ஆனால் இங்கே உடனே உட்கார வேண்டாம். பதினோரு மணி ஆகட்டும், இன்னும் ஒரு சுற்று இருக்கிறது.

தெற்கே ஆர்மேனியன் தெரு. எர்னஸ்ட் சகாரேவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தின் முன் படமெடுக்க வரிசை நிற்கும், வரிசையில் அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள், அதே தெரு 120ஆம் எண் வீட்டில்தான் சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் 1910இல் புரட்சிக்குத் திட்டம் போட்டார், அங்கே கூட்டமே இருக்காது. அப்படியே கூ கொங்சி. கூ குலத்தாரின் கோயிலும் சங்கமும் சேர்ந்த வளாகம். முதலில் கட்டியது 1901இல் எரிந்துபோனது, அரசன் அரண்மனை போல ஆடம்பரமாகக் கட்டியதால் தெய்வம் பொறுக்கவில்லை என்று பேச்சு, அதனால் கொஞ்சம் அடக்கமாக 1906இல் முடித்தார்கள். அந்த 'அடக்கத்தை' நேரில் பாருங்கள், சிரிப்பு வரும். கூரை முழுக்க உடைந்த பீங்கானில் செய்த சிற்பங்கள். கட்டணம் கொடுத்து உள்ளே போகத் தகுதியான இடம் இந்த நடையிலேயே இதுதான் என்பேன். வெளியே வந்து ஜாதிக்காய்ச் சாறு குடியுங்கள். பிரிட்டிஷ் காலத்தில் தீவு முழுக்க ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நோயில் அழிந்தன, மிச்சம் இந்தச் சாறும் ஊறுகாயும்.

ஹொக்கியன் சமையலுக்கு இது சரியான இடம், வறுத்த அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவ், இறால் குழம்பில் மிதக்கிற நூடுல்ஸான ஹொக்கியன் மீ. சார் குவே தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், விலக்குகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சீனக் காப்பிக் கடையில் உட்கார்ந்தால் மேசைக்குரிய கடைக்காரரிடம் ஒரு பானமாவது வாங்க வேண்டும், அது எழுதாத சட்டம். வேறு யாராவது உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தால் முகம் சுளிக்காதீர்கள், அதுவும் சட்டம்தான்.

இப்போது நாசி கண்டார். வடமேற்கே லெபு கேம்பெல் வரை நடந்தால் பசியும் வந்துவிடும். வரிசையில் நின்று, சோற்றைப் பாதியாகக் கேளுங்கள். ஒரு கறி, ஒரு காய் போதும். குழம்பைத்தான் கலந்து வாங்க வேண்டும்: 'பாஞ்ஜிர்' என்றால் சோறு மூழ்குகிற அளவுக்கு ஊற்றுவார்கள். எல்லாக் குழம்பும் சேர்ந்தால்தான் ருசி, தனித்தனியாக வாங்கினால் விஷயமே போச்சு. பெரிய இறால், மீன் தலை இவற்றின் விலையைத் தட்டில் விழுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். "அண்ணே" என்று தமிழில் கேட்டாலே பல கடைகளில் பதில் வரும்.

முடிவாக ஜாலான் பினாங்கை ஒட்டிய லெபு கெங் குவீ சந்து. பச்சை மாளிகைக்காரர் பெயர்தான் இந்தச் சந்துக்கு. செண்டோல் இங்கேதான்: துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லம், பாண்டான் இலைச் சாறு சேர்த்த, பச்சை நூல் போன்ற மாவுத் துண்டுகள், சிவப்பு ராஜ்மா. நின்றுகொண்டே குடிக்கலாம், உட்காரும் கூட்டத்தில் சேர வேண்டியதில்லை.

ரமலான் மாதத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். பகலில் முஸ்லிம் கடைகள் பலவும் மூடியிருக்கும், நோன்பு திறப்பதற்கு முன் மாலையில் போடுகிற பஜாரில்தான் நல்ல பண்டங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தில் சீனர்களின் கடைகள் நாள் கணக்கில் அடைத்திருக்கும். சாதாரண வாரத்திலும் கடைக்குக் கடை விடுமுறை நாள் வேறு, வரைபடத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்டு கீ ஓரத்தில் தண்ணீருக்கு மேல் மரக்கால்களில் நிற்கிற சியூ குலத்தாரின் படகுத்துறையை இந்த நடையில் நான் சேர்க்கவில்லை. அது கிழக்குப் பார்த்தது, சூரியன் எழுகிறதைத்தான் அங்கே பார்க்கலாம், அஸ்தமனத்துக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். மறுநாள் விடிகாலையில் போங்கள். இன்னமும் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள், கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்துப் படம் பிடிக்கக்கூடாது.