மருந்தடிக்கும் முன் வண்டைப் பாருங்கள்

போன மாசியில் பக்கத்து வயல்காரர் போனை நீட்டினார். "தம்பி, இது சிப்பாய் வண்டுன்னு போன் சொல்லுது. விடலாமா, மருந்தடிக்கணுமா?" உளுந்துப் பூவின் மேல் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வண்டு. போன் சொன்னது தப்பு. அது கொப்புள வண்டு, பூவைத் தின்று காய்ப்பைக் குறைக்கும்.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்வதுதான் முதல் தவறு. சிப்பாய் வண்டு என்ற பெயரே நிறத்தால் வந்ததுதான், அந்தக் காலத்து ஆங்கிலேயப் படையின் சிவப்புச் சட்டையை நினைத்து வைத்தது. நம்மூரில் வைத்திருந்தால் மிளகாய்ப்பழ வண்டு என்றிருப்பார்கள். ஆனால் அதே குடும்பத்தில் மஞ்சள், பழுப்பு, கறுப்பு எல்லாம் உண்டு. முதுகைப் பாருங்கள். பெரும்பாலான வண்டுகளுக்கு முன்னிறக்கை ஓடு போலக் கெட்டியாக இருக்கும். சிப்பாய் வண்டுக்கு அது மெல்லிய தோல் மாதிரி. உடம்பு நீண்டு, பக்கங்கள் நேராக இருக்கும். மின்மினிக்குப் பங்காளிதான், விளக்கு மட்டும் கிடையாது. புழுப் பருவத்தில் மண்ணிலும் சருகிலும் கிடந்து மற்றப் பூச்சிகளின் முட்டையையும் புழுவையும் தின்னும். வளர்ந்தபின் பூவில் தேனும் மகரந்தமும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கிடைத்தால் அதையும் விடாத இனங்கள் உண்டு.

படித்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சிப்பாய் வண்டுக் குடும்பத்தின் அறிவியல் பெயர் காந்தாரிடே. தோலைக் கொப்பளிக்க வைக்கும் நஞ்சின் பெயர் காந்தாரிடின். பெயரைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நஞ்சு இருப்பது கொப்புள வண்டிடம். அதையும் முழு வில்லன் என்று சொல்ல மாட்டேன், அதன் புழு மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்கிறது.

நெல் வயலில் இந்த ஆள்மாறாட்டம் இன்னும் அதிகம். எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கருநீலமுமாக ஓடும் குட்டி வண்டு ஒன்று உண்டு. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தேடித் தின்னும் வண்டு அது. ராத்திரி விளக்குக்கு வீட்டுக்குள் வந்து கழுத்தில் உட்காரும், நாம் சட்டென்று அடித்து நசுக்குவோம். மறுநாள் தோல் தீப்பட்டது போல் சிவந்து கொப்பளிக்கும். பழி பாவம் சிலந்திக்கும் பல்லிக்கும் போகும். இந்த வண்டு கடிப்பதே இல்லை. நசுங்கும்போது வரும் சாறுதான் வினை. ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

பொறிவண்டு எல்லாமே நல்லது என்பதும் தவறுதான். நெல்லில் ஏறும் ஆரஞ்சு நிறப் பொறிவண்டு தத்துப்பூச்சிகளைத் தின்னும். கொல்லையில் கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு அதற்கு உறவு, ஆனால் சுத்த சைவம். புள்ளியை எண்ணுவதை விட்டு, உட்கார்ந்திருக்கும் இலை என்ன கதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குறுவையில், நட்டு 25 நாள்கூட ஆகவில்லை, இலைச்சுருட்டுப் புழுவைப் பார்த்துப் பதறி, கடைக்காரர் கொடுத்த பைரித்ராய்டு மருந்தை அடித்தேன். இலை பச்சென்று ஆனது. கதிர் வரும் சமயத்தில் புகையான் வட்டம் வட்டமாகக் காய வைத்துவிட்டது. அந்த வகை மருந்து சிலந்தியையும் வண்டையும் கொன்று, புகையானைப் பெருக விடும் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் 30, 40 நாளில் கொஞ்சம் இலை போனாலும் பயிர் தூர் விட்டுச் சரிக்கட்டிவிடும். அப்புறம் பூச்சியை இழுத்துப் பிடிக்க வைக்கும் விளக்குப்பொறி. விடிய விடிய எரிய விட்டால் நல்ல வண்டும் சேர்ந்து விழும். சாயங்காலம் வைத்து, பத்து மணிக்குள் அணைத்துவிடுவது நல்லது.

பக்கத்து வயல்காரர் அன்று மருந்தடிக்கவில்லை. காலையில் வெயில் ஏறும் முன், வண்டு மந்தமாக இருக்கும்போது, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டார். வரப்பில் நின்ற தட்டைப்பயறையும் வெட்டாமல் விட்டார், அசுவினியும் பூவும் இருந்தால்தானே பொறிவண்டு தங்கும். இப்போதும் போனை நீட்டுகிறார், ஆனால் வண்டோடு இலையையும் சேர்த்துப் படம் எடுக்கிறார்.