பிஎஃப்ஓஏ தண்ணீரை விட்டு எங்கே போனது? சோதித்துப் பார்க்கும் முறை

பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் போன்றவை பிஎஃப்ஏஎஸ் சேர்மங்கள், அதாவது கார்பன் சங்கிலியில் ஃபுளூரின் ஒட்டிய, எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருள்கள். அவற்றைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஆய்வில்தான் என் பகல்கள் கழிகின்றன. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது மாசை உறிஞ்சும் கரியைப் போடாத பாட்டிலைப் பற்றித்தான்.

முதலாண்டில் ஒரு நாள், பிஎஃப்ஓஎஸ் கலந்த நீரில் கரியைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி அளந்தேன். அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. மறுநாள் கரியே இல்லாத நீரை அதே வடிகட்டியில் விட்டேன். அதிலும் குறைந்தது! பிடித்துக்கொண்டது வடிகட்டித் தாள்.

அதனால் மூன்று வகைப் பாட்டில்கள் வையுங்கள்: வெறும் நீர், மாசு மட்டும் கலந்த நீர், மாசும் கரியும் சேர்ந்த நீர். ஒவ்வொன்றிலும் மூன்று. பாட்டில் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், ஆனால் அதன் சுவரிலும் கொஞ்சம் ஒட்டும். அது எவ்வளவு என்பதை இரண்டாவது வகை காட்டிக்கொடுக்கும். மூடிக்குள் டெஃப்லான் இருக்கக் கூடாது, அதுவும் ஃபுளூரின் கொண்ட பிளாஸ்டிக்தான். அமெரிக்கா 2024-இல் குடிநீரில் பிஎஃப்ஓஏவுக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம்தான். அந்த அளவில் அளக்கும்போது ஒரு மூடியே கணக்கைக் கெடுத்துவிடும். கரியைப் பிரிக்க வடிகட்டாதீர்கள், மையவிலக்கியில் சுழற்றுங்கள்.

வாலைவடி நீரில் நல்ல முடிவு வந்தால் சரி, அப்புறம் ஆற்று நீரில் செய்யுங்கள். அதில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள் கரியின் துளைகளை முதலில் பிடித்துவிடும். நான்கே கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலிச் சேர்மமான பிஎஃப்பிஏ அப்போது எளிதாக நழுவிப்போகும். நான் ஒரு கரியை மதிப்பிடுவது இந்தக் குட்டைச் சங்கிலியை வைத்துத்தான்.

கரி மாசை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். மாசின் மூலக்கூறையே உடைக்கும் முறையை நீங்கள் சோதிப்பதானால் ஃபுளூரைடை அளந்தே ஆகவேண்டும். பிஎஃப்ஓஏ மூலக்கூறு ஒன்றில் 15 ஃபுளூரின் அணுக்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் பிஎஃப்ஓஏ எடுத்து, அது முழுவதும் உடைந்தால் ஏறத்தாழ 6.9 மில்லிகிராம் ஃபுளூரைடு வரவேண்டும். பிஎஃப்ஓஏ காணாமல்போய், ஃபுளூரைடு 2 மில்லிகிராம்தான் வந்ததென்றால் மீதி ஃபுளூரின் குட்டைச் சங்கிலிகளாக நீரிலேயே கரைந்திருக்கலாம், கலத்தின் சுவரில் ஒட்டியிருக்கலாம், ஆவியாகிக்கூடப் போயிருக்கலாம். கலத்தை மெத்தனாலால் கழுவி அதையும் அளந்து பாருங்கள். அதுவரை குறிப்பேட்டில் 'அழிந்தது' என்று எழுதாதீர்கள்.