கல்லூரி ஊருக்குள் போகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒரு மீனவ ஊர். எங்கள் மாணவிகள் இரண்டு பேர் கணக்கெடுப்புப் படிவத்தோடு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பேர், வயது, வருமானம் எல்லாம் முடிந்து ‘குடும்பத்தில் இறந்தவர்கள்’ என்ற கட்டம் வந்தது. அந்த அம்மா படிவத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சுனாமிக்குப் பொறவு வந்து எழுதினாவ. ஒக்கிக்குப் பொறவும் எழுதினாவ. அந்தப் பேப்பரெல்லாம் எங்க மக்ளே போச்சு?” என்று கேட்டார். 19 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன பதில் தெரியும்? படிவத்தைத் தயாரித்த எனக்கே தெரியவில்லை.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம், தத்துக் கிராமம், விரிவாக்கப் பணி என்று எந்தப் பேரில் போனாலும், நாம் செய்கிற முதல் தவறு இதுதான். கேட்டு எழுதிக்கொண்டு வருகிறோம், அதை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. ரிப்போர்ட் அலுவலகத்துக்குப் போகிறது, போட்டோ கோப்பில் ஏறுகிறது, ஊருக்கு ஒன்றும் வருவதில்லை. 2004 சுனாமியிலும் 2017 ஒக்கி புயலிலும் ஆட்களைக் கடலுக்குக் கொடுத்த வீடுகளில், சாவைப் பற்றிய கேள்வியை ஒரு கட்டமாகப் போட்டு நிரப்பச் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. பஞ்சாயத்திலும் அங்கன்வாடியிலும் ஏற்கெனவே இருக்கிற விவரத்தை வீட்டில் போய்க் கேட்கத் தேவையே இல்லை. அதையெல்லாம் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால், 4 பக்கப் படிவம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குச் சுருங்கிவிடும்.

அடுத்தது நேரம். கல்லூரிக் காலண்டரை விரித்து வைத்துத் தேதி குறிக்கிறோம், ஊருக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கணக்கும் உண்டு. சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கணக்கு, குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கணக்கு. ஆண்கள் கரையில் இருக்கிற மாதத்தை விட்டுவிட்டு, அவர்கள் கடலுக்குப் போன பிறகு கூட்டம் போட்டால் நாற்காலிதான் இருக்கும். குலசேகரம், அருமனை பக்கம் காலை 10 மணிக்குப் போனால் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கிற நேரம். முந்திரி ஆலைக்குப் போகிற பெண்களைப் பார்க்கச் சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோதான் முடியும். தோவாளையில் பூ வியாபாரம் முடியாமல் யாரும் நின்று பேச மாட்டார்கள். இதெல்லாம் ஒரு போன் அடித்தால் தெரிந்துவிடுகிற விஷயங்கள்.

ஊருக்கு எது தேவை என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் இந்த மாவட்டத்துக்கு. இங்கே போய் எழுத்தறிவு விழிப்புணர்வுப் பேரணி நடத்துவதில் என்ன பயன்? அதே தெருவில் உட்கார்ந்து கேட்டால் வேறு தேவை வெளியே வரும். வெளிநாட்டு மீன்பிடி வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கொடுத்த ஆங்கில ஒப்பந்தத்தில் சம்பளம், விடுப்பு, படகில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் என்ன எழுதியிருக்கிறது? கையெழுத்துப் போடும் முன் யாராவது வாசித்துச் சொன்னால் போதும் என்பார்கள். ஆங்கிலத் துறை மாணவர்கள் செய்யலாம், தெரிந்த ஒரு வழக்கறிஞர் கூட இருந்தால் நல்லது. மகளிர் குழுக் கணக்கு நோட்டில் வட்டியைச் சரிபார்க்க வணிகவியல் மாணவர்கள் போதும்.

கடற்கரைத் தூய்மைப் பணியில் ஒருமுறை எங்கள் பையன் ஒருவன் மணலில் கிடந்த வலைத்துண்டுகளைச் சுருட்டி, பாட்டில், பாலித்தீன் கவர்களோடு சாக்கில் திணித்துவிட்டான். ஒரு பெரியவர் ஓடி வந்து, சாக்கைக் கவிழ்த்து, ஒவ்வொரு துண்டாக உதறி எடுத்தார். கிழிந்த வலையில் ஒட்டுப் போட வைத்திருந்தவை அவை. ஊர்க்கமிட்டியிலிருந்து ஒருவரை முதலில் கூட்டிப் போயிருந்தால் இது நடந்திருக்காது. குளத்திலும் இப்படித்தான். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே தாமரையும் ஆம்பலும் குப்பை ஆகாது, அந்த இலைமேல் முட்டையிடுகிற பறவைகள் உண்டு. வனத்துறையைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

மரக்கன்று நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தண்ணீர் ஊற்ற யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்று தெரியாமல் குழி தோண்டாதீர்கள்.

அப்புறம், எண்ணிக்கை ஆசை. கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் சேர்ந்தால் குறைந்தது 5 கிராமங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் 5 இருக்கட்டும். ஆனால் முதல் வருடம் ஒரு ஊரில், ஒரே ஒரு வேலையை முழுதாகச் செய்யுங்கள். என்.எஸ்.எஸ்.-ல் ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரம் இருக்கிறது. 7 நாள் முகாம் போக மீதியைக் கல்லூரி வளாகத்தைப் பெருக்குவதிலேயே தீர்த்துவிட்டால், முகாம் நடந்த ஊர் அடுத்த டிசம்பர் வரை நம் முகத்தைப் பார்க்காது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராமச் சீரமைப்பு மையத்தை நினைத்துப் பார்க்கிறேன். அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். தேனீப் பெட்டியை விவசாயிகளுக்குப் பழக்கினார்கள். மார்த்தாண்டம் தேன் இன்று புவிசார் குறியீடு பெற்று நிற்கிறது.

அந்தத் திண்ணைக்கு மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போனோம். இறந்தவர்கள் பற்றிய கட்டத்தை எடுத்துவிட்டு, தெருவாரியாகக் குழாய், கழிவுநீர், தெருவிளக்கு விவரத்தை ஒரே தாளில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தோம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஊர்க்கூட்டத்தில் வாசித்தோம், வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விரலால் வரி வரியாக வந்தார். பாதியில் நிறுத்தினார்.

“இது தப்பு மக்ளே. எங்க தெருவில குழாய் மூணு இல்ல, ரெண்டுதான்.”

மாணவி பேனாவை எடுத்துத் திருத்தினாள்.