சீனாய் மடாலயம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எகிப்தின் சீனாய் மலைக்குப் போகிற பலர், அடிவாரத்தில் இருக்கும் புனித கத்தரீனாள் மடாலயத்தை அரைத் தூக்கத்தில்தான் பார்க்கிறார்கள். நள்ளிரவில் கிளம்பி, 2,285 மீட்டர் உச்சியில் சூரிய உதயம் பார்த்து, இறங்கி வந்து கொட்டாவியோடு வாசலில் நிற்பார்கள். முதல் தவறு இதுதான். 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் எழுப்பிய மதில், மெழுகில் நிறம் குழைத்துத் தீட்டிய அந்தக் காலத்துக் கிறிஸ்து ஓவியம், இதையெல்லாம் பார்க்கத் தெளிந்த கண் வேண்டாமா? மலைக்கு ஒரு நாள், மடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இரவில் குளிர் கடுமையாக இருக்கும். பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு ஏறிவிடாதீர்கள்.

நாள் பார்க்காமல் போவது அடுத்தது. வெள்ளி, ஞாயிறு, ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்திய கிறிஸ்தவ மரபு) திருநாள்களில் பார்வையாளர்களுக்கு வழக்கமாகக் கதவு திறக்காது. மற்ற நாள்களிலும் காலையில் சில மணி நேரம்தான். அவர்களுடைய ஈஸ்டர் பெரும்பாலும் வேறொரு ஞாயிற்றுக்கிழமையில் வரும். நம் காலண்டரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்.

எகிப்து என்பதால் இதைக் கோப்டிக், அதாவது எகிப்தியக் கிறிஸ்தவ மரபின், மடம் என்று பலர் எண்ணுகிறார்கள். இது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மடம். மதிலுக்குள் ஃபாத்திமிட் என்னும் முஸ்லிம் அரச வம்சத்தின் காலத்து மசூதி ஒன்றும் உண்டு, அதைக் கவனிக்காமல் வராதீர்கள். விவிலியத்தில் மோசே கண்ட, எரிந்தும் கருகாத முட்செடி என்று போற்றப்படும் செடியில் இலை பறிக்கவும் வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

அப்புறம், வழிகாட்டிகள் சொல்லும் ஒரு கதை. உலகின் மிகப் பழைய விவிலியப் பிரதிகளில் ஒன்றான கோடெக்ஸ் சினாய்டிகஸின் தாள்களைக் குப்பைக்கூடையிலிருந்து மீட்டதாக ஜெர்மன் அறிஞர் டிஷண்டார்ஃப் சொன்னார். அது 1844இல். துறவிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பக்கத்து வழக்கு வேறு: 1859இல் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பெரும் பகுதியை அவர் வாங்கிப் போனார். அது ரஷ்ய மன்னரிடம் போய்ச் சேர்ந்தது. 1933இல் சோவியத் அரசு 1 லட்சம் பவுண்டுக்கு அதைப் பிரிட்டனுக்கு விற்றது. 1975இல் மடத்துக்குள்ளேயே மறந்து கிடந்த ஓர் அறையில் அதே பிரதியின் இன்னும் சில ஏடுகள் கிடைத்தன.