கன்னத்துக்கு முன்னால் கை: சீன முறை முக அக்குபிரஷர்

முக அக்குபிரஷர் என்றதும் நேராகக் கன்னத்தைப் பிசையப் போகாதீர்கள். கையில் இருந்து தொடங்குங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு சதை மேடாக எழும்புகிறது இல்லையா, அதன் உச்சிதான் ஹெகு. முகத்திலும் வாயிலும் என்ன தொந்தரவு என்றாலும் ஹெகுவைப் பிடி என்று சீன வைத்தியர்கள் மனப்பாடம் செய்யும் பழைய பாட்டிலேயே வருகிறது. இரண்டு கையிலும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். கர்ப்பிணிகள் மட்டும் இந்தப் புள்ளியைத் தொடவே வேண்டாம்.

உடலில் சக்தி சில பாதைகளில் ஓடுகிறது என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. ஹெகு இருக்கும் பெருங்குடல் பாதை ஆள்காட்டி விரலில் கிளம்பி மூக்கோரத்தில் வந்து முடிகிறது, அங்கிருந்து முகத்தைக் கவனிப்பது வயிற்றுப் பாதை. இரண்டும் சேர்ந்ததுதான் யாங்மிங். பெண்களுக்கு 35 வயதில் யாங்மிங் தளர்ந்து முகம் வாடத் தொடங்கும் என்று ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய சீன மருத்துவ நூலில் இருக்கிறது, அதனால்தான் முகப் பராமரிப்பில் இந்தப் புள்ளிகளுக்கு இவ்வளவு மரியாதை.

சரி, இப்போது முகம். கை கழுவி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மூக்கு மடலை ஒட்டிய பள்ளம் யிங்ஷியாங், 'வாசனையை வரவேற்பது' என்று அர்த்தம், மூக்கடைப்பு இருக்கும்போது அழுத்திப் பார்த்தால் பெயர்க்காரணம் புரியும். நேராகப் பார்க்கும்போது கருவிழிக்கு நேர் கீழே, எலும்பில் குட்டிக் குழி ஒன்று தட்டுப்படும், அது ஸ்ஸுபாய். அந்த வழியாக நரம்பு வெளியே வருவதால் லேசாக விண்ணென்று இருக்கும், அதற்கு மேல் அழுத்தாதீர்கள். பல்லைக் கடித்தால் தாடையில் புடைக்கிற இடம் ஜியாசே. அதை அழுத்தும்போது வாயைச் சற்றே திறந்து தளர்வாக விடுங்கள், நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட இதமானது இல்லை.

ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள், ஐந்தாறு முறை போதும். தோல் இழுபடக் கூடாது. பரு, புண் உள்ள இடத்தை விட்டுவிடுங்கள்.

குவா ஷா கல் (தோலை வழித்துவிடும் தட்டைக் கல்) வைத்திருந்தால் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, நடுவில் இருந்து காது பக்கமாக, அப்புறம் கழுத்தில் கீழ்நோக்கி வழியுங்கள். முதுகில் தேய்க்கும்போது சிவப்புத் தடம் வரவேண்டும், ஷா என்பதே அந்தத் தடம்தான், ஆனால் முகத்தில் வந்தால் அழுத்தம் அதிகம்.

காலை நேர முக வீக்கம் வடியும், தாடை இளகும். கரும்புள்ளியும் மங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு சன்ஸ்கிரீன்தான்.